பல ஊர்களிலிருந்து ஒரு நூலகம்

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும். எரித்தவர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருப்பது எதுவும் ஓர் இரவுக்குள் இல்லாமற் போகலாம் என்ற பாடத்தைத்தான் தாமதமாகப் படித்தோம்.

1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த நெருப்புக்குப் பதிலாகத் தொடங்கியதல்ல. எனினும் பழந்தமிழ் நூல்களின் பிரதியை எந்த ஊரிலும் வைத்திருக்க வழிசெய்தது. ஒருவர் ஒரு நூலைக் கணனியில் தட்டச்சுச் செய்வார். வேறொரு நாட்டிலிருப்பவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். சம்பளம் கிடையாது. நூலின் தொடக்கத்தில் இருவர் பெயரும் இருக்கும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் எழுதியது மற்றவர் கணனியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறியீட்டு முறையும், பின்னர் யூனிகோட்டும் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அன்று அவர் செய்த வேலையின் தொடர்ச்சியே இது. கைகள் மட்டும் பலவாகிவிட்டன.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துக்களைத் தேடியது. நூல்கள், சஞ்சிகைகள் மட்டுமல்ல, பாடசாலை மலர்களும் நினைவு மலர்களும்கூட அங்கே சேர்ந்தன. நோர்வேயின் சுவடுகள், ஜேர்மனியின் தூண்டில், சுவிசின் மனிதம் ஆகியவற்றின் இதழ்களையும் இன்று அங்கே வாசிக்கலாம். அகதி வாழ்வின் முதற் பத்தாண்டுகளை எழுத முனைபவருக்கு இவற்றைவிட்டால் வேறு ஆதாரம் அதிகமில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, இரவில் எழுதி, போட்டோக் கொப்பி எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பிய காலம் அது.

அந்த இதழ்கள் தாமாக அங்கே வந்து சேரவில்லை. யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்தார். இன்னொருவர் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்தார்.

வீடு மாறியபோது ஒரு பெட்டி சஞ்சிகைகளைக் குப்பையில் போட்டவன் நான். அதிலொன்றில் நண்பன் ஒருவனின் சிறுகதை இருந்தது. அவன் எழுதிய ஒரே கதை. அவன் இறந்தபின் தேடினேன். எங்குமே கிடைக்கவில்லை. அதை அழிக்க ஒருவரும் நெருப்போடு வரவில்லை. நானே போதுமாக இருந்தேன்.

உங்கள் வீட்டு நிலவறையிலும் அப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். எறியமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.