ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நான்கு கற்கள்

நம் அங்கத்தினர்களில் அநேகம் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். பேரன் பேத்திகளைப் பார்க்கப் போகும் பெரியவர்களை, விடுமுறை நாட்களில் காரில் ஏற்றி மலை, பாலைவனம் என்று சுற்றிக் காட்டுவது அங்கே வழக்கம். அப்படிச் செல்லும் வழிகளில் ஒன்று, இன்யோ என்னும் கவுண்டியின் ஊடே போகும் 395-ஆம் எண் நெடுஞ்சாலை. அதையொட்டிய இடங்களில் கல்லில் பதித்த வெண்கலப் பலகைகள் பல உண்டு. பெரும்பாலும் நாம் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். சற்று நிதானித்துப் படித்தால், சரித்திரத்தை யார் எழுதுகிறார்கள் என்பதை அந்தப் பலகைகளே சொல்லிவிடும்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றது. 1866-ல் ஏற்பட்ட இன்யோவின் பரப்பு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்குப்படி ஜனத்தொகையோ 19,000 அளவுதான். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னி (14,505 அடி) இதன் மேற்கு எல்லையில் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே உள்ள மரணப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடமும் இதே கவுண்டியில்தான். நடுவே ஓவன்ஸ் நதிப் பள்ளத்தாக்கு. கலிஃபோர்னியா அரசு 1932 முதல் சரித்திரச் சின்னங்களைப் பதிவு செய்து, எண் கொடுத்துப் பலகை வைத்து வருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அத்தகைய நான்கை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது, வடக்கே பிஷப் என்ற ஊரின் அருகில் இருப்பது. 1861 ஆகஸ்டில் சாமுவேல் பிஷப் என்பவர் சுமார் 650 கால்நடைகளை ஓட்டிக்கொண்டு வந்து இங்கே பண்ணை அமைத்தார். ஊருக்கும் ஓடைக்கும் அவர் பெயரே நிலைத்தது. மறு வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி, குடியேறியவர்களுக்கும் பூர்வகுடிகளான பையூட், ஷோஷோனி மக்களுக்கும் இங்கே சண்டை மூண்டது. போர்க்களத்தில் உள்ள பலகை இரு தரப்பு வீரர்களையும் மரியாதையுடன் குறிப்பிடுகிறது. ஆனால் சண்டைக்குக் காரணம் என்னவென்பது மறைந்துபோய்விட்டது என்றும் அதுவே சொல்கிறது!

காரணம் மறையவில்லை. பையூட் மக்கள் அந்த ஓடையில் கல், மண், தழை கொண்டு அணை கட்டி, வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள். தண்ணீர் விடும் பொறுப்புக்கு வருஷந்தோறும் ஒருவரைக் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் மடை திறக்கும் நீர்க்கட்டியை நினைத்துக் கொள்ளலாம். இரண்டு வயல்வெளிகளுக்கு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மாற்றிப் பாய்ச்சினார்கள். அங்கே விளைந்தது பெரும்பாலும் நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கு. குடியேறிகளின் மாடுகள் அந்த வெளிகளை மேய்ந்து தீர்த்தன. 1861-62 குளிர்காலமோ மிகக் கடுமையானது. பட்டினி கிடந்தவர்கள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. இத்தனையும் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்த விஷயங்களே.

இரண்டாவது பலகை, கவுண்டியின் தலைநகரான இன்டிபென்டன்ஸ் ஊருக்கு வடக்கே உள்ளது. குடியேறிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1862 ஜூலை 4-ந் தேதி ராணுவம் இங்கே முகாம் அமைத்தது. அமெரிக்காவின் சுதந்திர தினமாதலால் முகாமுக்கும் பின்னர் ஊருக்கும் அந்தப் பெயர் வந்தது. 1863 ஜூலையில், சுதந்திரம் என்று பெயர் பெற்ற அதே முகாமிலிருந்து 900-க்கு மேற்பட்ட பையூட் மக்கள், குழந்தை குட்டிகளுடன், தெற்கே ஃபோர்ட் தேஹோன் என்ற இடத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். பலர் பிற்பாடு திரும்பி வந்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அந்தப் பகுதியில் வாழ்கிறார்கள்.

மூன்றாவது, தெற்கே லோன் பைன் ஊர் அருகே வேலியிட்ட ஒரு கல்லறை. 1872 மார்ச் 26-ந் தேதி பின்னிரவு இரண்டரை மணி அளவில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. வீடுகளில் பெரும்பாலானவை சுடாத மண்கல்லால் கட்டியவை; தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அவை இடிந்து விழுந்தன. ஊரில் இறந்தவர்கள் 27 பேர். அவர்களில் 16 பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். இந்தப் பலகையில் சர்ச்சை ஏதுமில்லை. இயற்கையின் சீற்றத்தைக் கல்லில் எழுத யாருக்கும் கூச்சம் இல்லை.

நான்காவதுதான் மன்ஸனார். இன்டிபென்டன்ஸுக்கும் லோன் பைனுக்கும் இடையில் உள்ளது. ஸ்பானிய மொழியில் இதற்கு ஆப்பிள் தோட்டம் என்று பொருள். 1910-ல் பழத்தோட்டங்களுடன் தோன்றிய இந்தச் சிற்றூரின் நிலத்தையும் நீர் உரிமையையும் லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரம் வாங்கிவிடவே, ஊர் காலியாயிற்று. அந்த நகரத்துக்கு ஓவன்ஸ் நதி நீரைக் கொண்டுபோகும் 233 மைல் கால்வாய் 1913-லேயே திறக்கப்பட்டிருந்தது. பையூட்டுகளிடமிருந்து நீரைப் பெற்ற குடியேறிகளும் கடைசியில் அதை இழந்தார்கள்.

1942-ல், ஜப்பானுடன் யுத்தம் மூண்டதை ஒட்டி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு பத்து முகாம்களில் அடைத்தது. முதலாவது மன்ஸனார். முள்வேலி, காவல் கோபுரங்கள். மொத்தம் 11,000 பேர் இங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகள். 1943-ல் முகாம்வாசிகளே குடும்பத்துக்கு 15 சென்ட் வசூலித்து, மயானத்தில் ஒரு வெள்ளை ஸ்தூபி எழுப்பினார்கள். மாண்டவர் ஆன்மாவுக்கு ஆறுதல் தரும் கோபுரம் என்று அதில் ஜப்பானிய எழுத்தில் பொறித்தார்கள். முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. பிறகு பல வருஷங்கள், அங்கே நடந்ததைச் சொல்ல அரசுப் பலகை ஒன்றும் இல்லை.

1969-ல் தொடங்கிய யாத்திரையும் விடாமுயற்சியும் சேர்ந்து, 1973 ஏப்ரலில் பலகை வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வார்த்தைக்கும் வாக்குவாதம். வதை முகாம் என்று பொருள்படும் சொல்லும், இனவெறி என்ற சொல்லும் வேண்டாம் என்றார்கள் அரசுத் தரப்பினர். அடைபட்டிருந்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு சொற்களும் இடம்பெற்றன. பொறுக்காத சிலர் பலகையின் எழுத்தைச் செதுக்கிச் சிதைத்தார்கள்; அந்த வடுவும் இப்போது சரித்திரமாகிவிட்டது. 1988-ல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் அளித்தது. 1992-ல் மன்ஸனார் தேசிய சரித்திர ஸ்தலமாயிற்று.

காரணம் மறைந்துவிட்டது என்று ஒரு கல் கூறுகிறது; காரணத்தைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று இன்னொரு கல்லுக்காகப் போராடினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் இடத்தில் இருந்தார்களா, இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எந்தப் பலகையைப் படித்தாலும் வைத்தவர் யார், எந்த வருஷம் வைத்தார், யாருடைய பேச்சு அதில் இல்லை என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும் அன்பர்கள், மன்ஸனாரில் அரை நாளாவது தங்கி, பேரக்குழந்தைகளையே பலகையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வந்து குடியேறியவர்களின் கதை அந்தக் குழந்தைகளுக்கும் உரியதுதானே.