நறுமணச் செடிகளைப் பூவால் அறிதல்: சேலம், நாமக்கல் சமவெளி

சமையலுக்கு இலை, விதை, கிழங்கு தரும் செடி இன்னதென்று அதன் பூவின் அமைப்பைக் கொண்டு முடிவு செய்வதே பூவால் அறியும் முறை. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையிலும் சுற்றிலும் விரிந்துள்ள சேலம், நாமக்கல் சமவெளி இம்முறையைக் கற்க ஏற்ற நிலம். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் பக்கங்களில் மஞ்சள் வயலாகவே விளைகிறது. மல்லி, மிளகாய், கறிவேப்பிலை, புதினா, ஓமவல்லி ஆகியவை தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கின்றன. இவற்றை மக்கள் இலையாலும் மணத்தாலுமே அடையாளம் காண்கிறார்கள். அன்றாடச் சமையலுக்கு அது போதும். ஆனால் ஒரு செடி எதற்கு உறவு, எதற்கு மாற்றாகும், எதனோடு கலந்தால் கேடு என்ற கேள்விகள் எழும்போது இலையும் மணமும் கைவிடும். நிழல், தண்ணீர், மண், செடியின் வயது ஆகியவற்றுக்கு ஏற்ப இலையின் அளவும் மணத்தின் வீச்சும் மாறும். இதழ்களும் மகரந்தத்தாள்களும் எப்படி இணைந்திருக்கின்றன, சூலகம் எங்கே அமர்ந்திருக்கிறது என்பவை அப்படி எளிதில் மாறுவதில்லை.

தமிழில் தாவரங்களை வகுத்த பழைய சான்று தொல்காப்பிய மரபியல். வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல், உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம் என்று அது பிரிக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லின் பக்கம் சேர்வது நுட்பமான கவனிப்பு. ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எனினும் அந்த அளவுகோல் தண்டைப் பற்றியது. கொத்தமல்லியையும் சீரகத்தையும் ஒரு குலமாக்க அது உதவாது. ஐரோப்பாவில் அந்தக் குலத்தை முதலில் தனி நூலாக ஆராய்ந்தவர் ராபர்ட் மாரிசன். குடைபோல் பூக்கும் செடிகளைப் பற்றிய அவர் நூல் 1672-இல் வந்தது. ஒரே தாவரக் குழுவைப் பற்றி எழுந்த முதல் ஆய்வு நூலாக அதையே கொள்கிறார்கள். 1735-இல் லின்னேயஸ் இன்னும் எளிதான வழியைக் காட்டினார்: மகரந்தத்தாள்களை எண்ணுவது. ஒன்று என்றால் மஞ்சளும் இஞ்சியும் இருக்கும் வகுப்பு. ஐந்து என்றால் மல்லி, சீரகம். ஆறில் நான்கு நெடிது, இரண்டு குறுகியது என்றால் கடுகு. அவருடைய மாணவர் யோகான் கெர்ஹார்டு கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகளை, சிறப்பாக இஞ்சி இனத்தை, உயிருள்ள பூவை வைத்தே விவரித்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரின் பின்பாதி அவர் நினைவாக இடப்பட்டது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் கறிவேப்பிலையே சாட்சி. அதன் பூவில் மகரந்தத்தாள் பத்து. வேம்பின் பூவிலும் பத்து. லின்னேயஸ் முறையில் இரண்டும் ஒரே வகுப்பில் விழுந்தன. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஐந்து இதழ், இரண்டும் மணம் உள்ளவை, இரண்டின் இலையும் ஈர்க்கில் வரிசையாக அமைந்தது. ஆனால் பூவை விரித்துப் பார்த்தால் பிரிவினை கண்ணுக்கு நேரே தெரியும். கறிவேப்பிலையில் பத்துத் தாள்களும் தனித்தனியே, ஐந்து நெடியதும் ஐந்து குறியதுமாக நிற்கும். வேம்பில் அவை ஒன்றாக ஒட்டி ஒரு வெள்ளைக் குழலாகி, மகரந்தப்பைகள் அக்குழலின் வாயருகே உட்புறம் ஒட்டியிருக்கும். முதலாவது எலுமிச்சைக் குடும்பம். இரண்டாவது வேம்புக் குடும்பம். பங்குனி, சித்திரையில் ரசத்துக்கும் பச்சடிக்கும் வேப்பம்பூவைச் சேகரித்து உலர்த்தும் வீடுகளில் ஒரு பூவைக் கையில் எடுத்து இதைச் சோதித்துவிடலாம்; லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குழல் தெரியும்.

மணம் வழிதவறச் செய்வதற்கு ஓமவல்லியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கற்பூரவல்லி என்றும் சொல்லப்படும் இச்செடியின் தடித்த இலையைக் கசக்கினால் ஓமத்தின் வாசனை. இலைக்கு அந்த மணம் தரும் கார்வக்ராலும், ஓம விதைக்கு மணம் தரும் தைமாலும் வேதியியலில் மிக நெருங்கியவை. ஆயினும் செடிகளுக்குள் நெருக்கம் இல்லை. ஓமம் வெள்ளைக் குடைப்பூ பூப்பது. மல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் உறவு. ஓமவல்லியின் பூவோ இளஊதா நிறம், மேல் உதடு கீழ் உதடு எனப் பிளந்த வாய், முதிர்ந்தால் நான்கு சிறு கொட்டைகள். துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் புதினாவும் சேர்ந்த குடும்பம் அது. மாங்காய் இஞ்சியும் இப்படித்தான். மணத்தில் மாங்காய், தோற்றத்தில் இஞ்சி. பூக்கதிரைப் பார்த்தால் பூவடிச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பைபோல் குழிந்திருக்கும், உச்சிச் செதில்கள் நிறம் மாறியிருக்கும். இவை மஞ்சள் இனத்தின் அடையாளங்கள். இஞ்சியின் கதிரில் செதில்கள் ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகப் படிந்திருக்கும். ஆகவே மாங்காய் இஞ்சி மஞ்சளே.

மஞ்சளுக்குள்ளேயும் பூ பேசுகிறது. கறிமஞ்சளின் கதிர் இலைக்கட்டின் நடுவிலிருந்து, இலைகள் முழுதாக வளர்ந்தபின் எழும். கீழே பச்சைச் செதில்கள், அவற்றின் மடியில் வெளிர்மஞ்சள் பூக்கள், உச்சியில் வெண்மையான செதில்கள். கஸ்தூரி மஞ்சளின் கதிர் இலைத்தண்டுக்குப் பக்கத்தில் தனியாக, பெரும்பாலும் இலைக்கு முன்பே மண்ணிலிருந்து வெளிவரும். உச்சிச் செதில்கள் இளஞ்சிவப்பு. கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கும் பொடியும் கிழங்கும் பலமுறை வேறு இனங்கள் என்பதால், நாற்றுக்கிழங்கு வாங்கும்போது இந்த வேறுபாடு பணமதிப்பு உள்ளது.

உயிருக்கே தொடர்புடையது மஞ்சள் நிறப் பூக்களின் வேறுபாடு. கடுகு இங்கே பெரும்பயிர் அல்ல; நாய்க்கடுகோ மானாவாரி நிலமெங்கும் தானாக முளைக்கிறது. அதற்கும் நான்கு மஞ்சள் இதழ், நீண்ட காய், கருத்த சிறு விதை. சில இடங்களில் தாளிக்கவும் பயன்படுகிறது. கடுகின் நான்கு இதழ்களும் சிலுவையாக விரியும், மகரந்தத்தாள் ஆறு. நாய்க்கடுகின் இதழ்கள் நான்கும் ஒரே பக்கமாக மேல்நோக்கித் திரும்பியிருக்கும், தாள்கள் பத்துக்குக் குறையாது, செடி முழுதும் கையில் ஒட்டும். இவ்விரண்டையும் மாற்றிக்கொண்டால் பெரிய தீங்கில்லை. ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் முள்ளோடு நிற்கும் பிரம்மதண்டு அப்படியல்ல. அதன் பூவில் பெரும்பாலும் ஆறு பெரிய மஞ்சள் இதழ்கள், எண்ண முடியாத மகரந்தத்தாள்கள். விதை மட்டும் கடுகை ஒத்தது; அதன் எண்ணெய் நஞ்சு. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த எண்ணெய் கலந்ததால் நீர்க்கோவை நோய் பரவி 60 பேருக்கு மேல் இறந்தனர். வயலில் பூத்து நிற்கும்போது ஒரு குழந்தையும் பிரித்துச் சொல்லிவிடும் செடி, விதையானபின் ஆய்வுக்கூடத்தைக் கேட்கிறது.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது, சமையல் செடிகளைப் பூக்கவே விடுவதில்லை என்பது. உண்மைதான்: பூவெடுத்த கொத்தமல்லிக்கட்டை யாரும் வாங்கமாட்டார்கள், புதினா தண்டு வைத்தே பெருக்கப்படுகிறது. ஆனால் அறுவடைக்கு விடுவதும் அடையாளத்துக்கு விடுவதும் வேறு. பாத்தியின் ஓரத்தில் இரண்டு மல்லிச்செடியை விட்டுவைத்தால், குடையின் விளிம்புப் பூக்களில் வெளிப்பக்க இதழ்கள் மட்டும் பெருத்து நடுப்பூக்கள் சிறுத்திருப்பதைக் காணலாம். அந்தப் பாத்தி முழுவதற்கும் அதுவே சான்று. கறிமஞ்சள் மும்மடி குரோமோசோம் கொண்டது, விதை பிடிப்பது அரிது, அதன் பூவால் என்ன பயன் என்றும் கேட்பார்கள். விதை இல்லாவிட்டாலும் அடையாளம் அழிவதில்லை. அரிதாகப் பிடித்த விதையிலிருந்தே கோழிக்கோட்டு இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பிரபா, பிரதிபா என்னும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தது. அடுத்தது, ரகங்களைப் பூ பிரிக்காது என்பது. இதை ஏற்கத்தான் வேண்டும். விரலியின் நிறமும் பருமனும் அறிய ஏலக்களத்துக்குத்தான் போகவேண்டும். பூ சொல்வது குடும்பத்தையும் இனத்தையும்.

உலர்ந்த சரக்கில் பூ ஏது என்ற கேள்வி பாதியே சரி. கிராம்பு என்பதே விரியாத மொட்டு. நான்கு புல்லிகளும் உருண்ட இதழ் மூடியும் காய்ந்தபின்னும் தெரியும். அன்னாசிப்பூ பெயரால் பூ, உண்மையில் நட்சத்திரமாக வெடித்த காய். கல்பாசி பூக்கும் இனமே அன்று, அது பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் உயிர். ஆகவே இம்முறைக்கு முற்றிலும் வெளியே நிற்பது அது ஒன்றே.

இப்பகுதிக்கு அடிப்படை நூல்கள் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து கே. எம். மாத்யூ 1981 முதல் 1983 வரை வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவர நூலும். பழைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் அனைத்தையும் உள்ளடக்கியது; தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் பிரிந்தன என்பதைப் பழைய குறிப்புகளைப் படிப்போர் மறக்கக்கூடாது. இரு நூல்களும் காட்டுச்செடிகளுக்குக் காட்டிய அக்கறையைக் கொல்லைச் செடிகளுக்குக் காட்டவில்லை. செடியை அடையாளம் காட்டும் செல்போன் செயலிகளும் இன்று பூவின் படத்தைக் கேட்கின்றன.