சிவ கோத்திரம்

திருவண்ணாமலையில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பேர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் கேட்பார் குருக்கள். பேர் சட்டென்று வரும். நட்சத்திரம், பக்கத்தில் நிற்கும் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கோத்திரம் என்றதும் பலரும் விழிப்பார்கள். குருக்கள் காத்திருக்கமாட்டார்; ‘சிவ கோத்திரம்’ என்று தாமே சேர்த்துக்கொண்டு சங்கல்பத்தைத் தொடர்வார். பின்னால் வரிசை நிற்கிறதே!

கணினி அட்டவணைகளில் இந்த வேலையைப் பார்க்கும் சொல் ‘டிஃபால்ட்’. அதைச் சுற்றி ஒரு சண்டையே நடந்தது.

தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஐபிஎம்மின் எட்கர் காட் 1970இல் எழுதினார். அட்டவணை என்றால் காலிக் கட்டமும் வரத்தானே செய்யும்? அதற்கு அவர் காட்டிய வழி ‘நல்’. பூஜ்யமும் இல்லை, வெற்றெழுத்தும் இல்லை. விவரம் இல்லை என்பதற்கு ஒரு குறி. அவருடைய கொள்கையை ஊரெங்கும் பரப்பிய கிறிஸ் டேட்டுக்கே இது பிடிக்கவில்லை. சிவ கோத்திரத்தார் எத்தனை பேர், அல்லாதார் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டிப் பாருங்கள். வந்தவர் மொத்தம் வராது. நல் உள்ளவர் இரண்டு பக்கமும் சேரமாட்டார். ஆகவே ஏதாவது ஒரு டிஃபால்ட் மதிப்பைப் போட்டு வையுங்கள் என்றார் டேட். போட்டுவிட்டால் உண்மையிலேயே அந்த மதிப்புக்காரர் யார், தெரியாதவர் யார் என்று எப்படிப் பிரிப்பது என்பது காட் கட்சி. எனக்கென்னவோ காட் சொன்னதே நியாயமாகப் படுகிறது. சாமிக்கு ஆளைத் தெரியும், அட்டவணைக்குத் தெரியாதே. 1993இலும் இருவரும் இதைப் பற்றி அச்சில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அட்டவணைகளைக் கையாளும் மொழியான எஸ்கியூஎல்லின் தரம் பஞ்சாயத்துக்குப் போகாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. 1986இல் வந்த முதல் தரத்தில் நல் உண்டு, டிஃபால்ட் கிடையாது; 1989 திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், டிஃபால்ட் இன்னதென்று நாம் சொல்லாவிட்டால் நல்தான் டிஃபால்ட்!

அதே 1989 செப்டம்பர் 30இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்டம் என்ற கட்டத்துக்கு ‘வட ஆற்காடு’ என்று டிஃபால்ட் வைத்த ஓர் அட்டவணையில் அன்று அதை மாற்றியிருந்தால், அதற்குப் பிறகு சேரும் வரிகளுக்குத்தான் புதுப் பேர் விழும். ஏற்கெனவே உள்ளவை, தனியாகத் திருத்தும்வரை வட ஆற்காட்டிலேயே கிடக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய பத்திரங்களைப்போல.

இன்னொரு குசும்பும் உண்டு. கட்டத்தைக் குறிப்பிடாமல் விட்டால்தான் டிஃபால்ட் வரும். ‘நல்’ என்று வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் நல்தான் ஏறும். குருக்களிடம் இந்த வித்தியாசமெல்லாம் இல்லை: பேசாமல் நின்றாலும் சிவ கோத்திரம், தெரியாது என்றாலும் சிவ கோத்திரம். தகவல்தள மென்பொருளான ஆரக்கிள் 2013இல் தன் 12சி பதிப்பில் அவர் வழிக்கு வந்தது. ‘டிஃபால்ட் ஆன் நல்’ என்று எழுதி வைத்தால், நல்லையே நீட்டினாலும் டிஃபால்ட்டைப் போட்டுக்கொள்ளும்.