பரீட்சை நடைபெறாத கோடை

கொவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாக அவ்வாண்டுக் கோடைகாலப் பொதுப் பரீட்சைகள் நடைபெறமாட்டா என 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி இங்கிலாந்தின் கல்வியமைச்சர் அறிவித்தார். உயிர்காப்பை நோக்கிய அம்முடிவைக் குறைகூறுதல் எளிதன்று. எனினும், பரீட்சையின் இடத்தில் வைக்கப்பட்ட மாற்றுமுறைக்கு மாணவர் கொடுத்த விலை ஆராயத்தக்கது.

ஒவ்வொரு மாணவரும் பெற்றிருக்கக்கூடிய தரத்தையும், சக மாணவரிடையே அவருக்குரிய வரிசைநிலையையும் ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடுகள் தாராளமானவை எனக் கருதிய ஒஃப்குவால் என்னும் பரீட்சை ஒழுங்குபடுத்தும் நிறுவனம், அவற்றைத் தரப்படுத்துதற்குக் கணிப்புச் சூத்திரமொன்றை வகுத்தது. பாடசாலையின் முந்திய ஆண்டுகளின் பெறுபேறுகள் அதற்கு முக்கிய அடிப்படையாயின. மாணவர் தொகை ஐந்துக்கு மேற்படாத பாடங்களில் ஆசிரியர் தரம் அவ்வாறே ஏற்கப்பட்டது. இத்தகைய சிறு வகுப்புகள் கட்டணம் அறவிடும் பாடசாலைகளிலேயே மிகுதி. எனவே, சூத்திரத்தின் பிடிக்குள் பெரிதும் அகப்பட்டோர் அரச பாடசாலை மாணவரே.

ஆகஸ்ட் 13இல் உயர்தரப் பெறுபேறுகள் வெளியானபோது, ஆசிரியர் வழங்கிய தரங்களுள் ஏறத்தாழ 40 சதவீதமானவை குறைக்கப்பட்டிருந்தன. பின்தங்கிய பாடசாலையொன்றில் தோன்றிய திறமைசாலி, தாம் எழுதாத பரீட்சையில், தமக்கு முன் கற்றோரின் பெறுபேற்றால் அளக்கப்பட்டார். மாணவர் வீதியிலிறங்கிக் கிளர்ந்தெழ, ஆகஸ்ட் 17இல் அரசு பின்வாங்கி ஆசிரியர் தரங்களை ஏற்றது. ஆயினும், சில கற்கைநெறிகளில் இடங்கள் நிரம்பிவிட்டமையாற் சிலர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

செலவு அத்துடன் முடியவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் உயர்தரத்தின் மேல்நிலைத் தரங்களான ஏ நட்சத்திரம், ஏ ஆகியன 2019இல் ஏறத்தாழ 25 சதவீதமாயிருந்தன. பரீட்சை மீண்டும் கைவிடப்பட்ட 2021இல் அவை 44.8 சதவீதமாயின, 2023இல் 27.2 சதவீதமாக இறங்கின. அவ்வாண்டு இங்கிலாந்தில் தோற்றியோருட் பெரும்பாலோர், 2021இல் பதினாறு வயதிற்குரிய பொதுப் பரீட்சையை எழுத வாய்ப்பற்றவர்கள். முதன்முறையாகப் பொதுப் பரீட்சை மண்டபத்துட் புகுந்த அவர்களே முன்னைய தாராளத்தின் கடனையும் தீர்க்கவேண்டியவராயினர்.

பரீட்சையின் குறைகள் பல. ஆயினும், தன்னைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணத்தைத் தன் கையெழுத்தாலேயே பொய்ப்பிக்கும் வாய்ப்பை அது மாணவருக்கு அளிக்கின்றது. அவ்வாய்ப்புக்கு ஈடானதைச் சூத்திரமும் தரவில்லை, தாராளமும் தரவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.