ஓராண்டுக் கணக்கிற்கு அப்பால்

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையின் வரலாற்றை அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதி வந்துள்ளோம். 1963 மார்ச்சில் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் செய்த முதல் முயற்சியில், மூன்று வயதுக் குழந்தை குருதிப்போக்கால் அறுவை மேடையிலேயே இறந்தது. 1967இல் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தையே முதன்முதலாக ஓராண்டைக் கடந்து வாழ்ந்தது. வெற்றியை ஓராண்டால் அளக்கும் வழக்கம் அந்தச் சூழலில் நியாயமானதே. அதன் பிறகும் அவ்வளவுகோலே கோலோச்சியதுதான் சிக்கல்.

நெடுங்கால வாழ்வைச் சாத்தியமாக்கியது கத்தியன்று, ஒரு மருந்து. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்ளோஸ்போரின், ஓராண்டு உயிர்வாழ்வை ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. 1983இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, இது இனிமேல் வெறும் பரிசோதனையன்று, ஏற்கத்தக்க சிகிச்சையே என அறிவித்தது.

ஆனால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது, கேம்பிரிட்ஜில் ராய் கேன் 1978இல் வெளியிட்ட தொடக்க அறிக்கையிலேயே பதிவாகிவிட்டது. அக்கேட்டின் முழுப் பரிமாணம் தெரியவோ கால் நூற்றாண்டு பிடித்தது: கல்லீரல் மாற்றம் பெற்றோருள் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்படுகிறது என்பதை, 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்தத் தாமதத்தை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிற்காலக் கேட்டைக் காண்பதற்கு முதலில் பலர் பிற்காலம்வரை வாழ்ந்திருக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், தோல் புற்றுநோய் ஆகியவையும் இவ்வாறே மெல்ல வெளிப்பட்டன.

இதற்கு நேர்மாறான வியப்பும் உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் மருந்தைத் தாமே நிறுத்திய சிலர் நலமாக இருந்ததை ஸ்டார்சல் கண்டார். உறுப்பை உடல் தானாகவே ஏற்றுக்கொள்ளும் நிலை பற்றிய ஆய்வுக்கு, கீழ்ப்படியாத இந்த நோயாளிகளும் ஊக்கம் தந்தனர். (மருந்தை நிறுத்தியதால் உறுப்பை இழந்தோரும் பலர், எவரும் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.)

இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பை எவர் தரலாம், எவ்வாறு எடுக்கலாம் என்பவற்றை வரையறுத்தது. 1998 நவம்பரில் தந்தையின் கல்லீரல் பகுதியைத் தில்லியில் பெற்ற, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை இன்று மருத்துவர். அச்செய்தியை நாளிதழ்கள் கொண்டாடின. இடைப்பட்ட இருபது ஆண்டுகள் அவற்றில் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன. ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களே, அந்த ஆண்டுகளின் ஆவணங்கள் மருத்துவமனைக் காப்பகங்களில் மட்டும் இல்லை. குருதிச் சோதனைச் சீட்டுகளாகவும் மாத்திரை ரசீதுகளாகவும் அவை வீட்டு அலமாரிகளிலும் கிடக்கின்றன.