ஜொகூர் லாமா: ஆற்றோரத்து அரசத் துறைமுகம்

கடந்த வாரம் இத்தாலியின் அமால்ஃபியைப் பார்த்தோம். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்தது. அதன் கப்பல் சட்டங்களைப் பிற துறைமுகத்தாரும் ஏற்று நடந்தார்கள். பின்னர் பீசா நகரத்தார் கொள்ளையடித்தார்கள். 1343-ல் கடல் பொங்கி ஊரின் ஒரு பகுதியையே கொண்டுபோனது. அதைப் போலவே எழுந்து விழுந்த ஒரு துறைமுகத்துக்கு நாம் கப்பலேறிப் போக வேண்டியதில்லை. பண்டார் தெங்காராவிலிருந்து காலையில் காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம்.

செம்பனைக்கு நடுவே 1970களில் எழுந்த ஊர் நம்முடையது. நம் வட்டாரத்தில் ஓடும் சாயோங் ஆறும் லிங்கியு ஆறும் கூடித்தான் ஜொகூர் ஆறு ஆகிறது. கோத்தா திங்கியைத் தாண்டியதும் ஆறு அகலும். கரையில் நிப்பா ஓலைகளும் கண்டல் மரங்களும் அடர்ந்திருக்கும். கடல் ஓதம் ஏறி இறங்கும். ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால், கிழக்குக் கரையில் ஒரு மேட்டு முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதுதான் ஜொகூர் லாமா.

அரசர்கள் ஏன் கடற்கரையை விட்டு ஆற்றுக்குள் வந்தார்கள்? 1511-ல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் சுல்தான் மஹ்மூத் பிந்தான் தீவில் ஒதுங்கினார். 1526-ல் அங்கேயும் அடி விழுந்தது. சுமத்ராவின் கம்பாரில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில், பெக்கான் துவாவில் புது அரசை நிறுவினார். மேலே இருந்தால் எதிரியின் கப்பல் வருவது முன்பே தெரியும். தோற்றாலும் காட்டுக்குள் விலகி மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆறே அவர்களுக்குக் கோட்டை. 1530களில் அந்தக் கோட்டையைச் சோதித்துப் பார்த்தவர் மலாக்காவின் தளபதி எஸ்தெவாவ் ட காமா, வாஸ்கோ ட காமாவின் மகன். பெக்கான் துவா அழிந்தது, அரசு அழியவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த அலாவுதீனின் தாய் துன் பாத்திமா. அவருடைய தந்தை மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர். அந்தக் குடும்பத்தின் மூதாதை மணி புரிந்தான், கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, மலாக்காவுக்கு வந்தவர் என்று மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்கிறது. அவர் வழியினர் தமிழ் முஸ்லிம்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கட்டி அழைத்துவந்த காலத்திலிருந்துதான் நமக்கும் ஜொகூருக்கும் உறவு என்று பலர் நினைக்கிறார்கள். ஜொகூர் அரசைத் தொடங்கியவரின் தாய்வழியிலேயே நம் கரையின் ரத்தம் ஓடியிருக்கிறது.

1540 வாக்கில் தலைநகர் ஜொகூர் லாமாவுக்கு இறங்கியது. முனையின் மேல் மண் கொத்தளம் எழுப்பி, மரத்தால் அரண் கட்டினார்கள். அந்த மண் மேடு இன்றும் இருக்கிறது: புல் மூடிய நீண்ட வரப்பு, அதன் மேல் ஏறி நின்றால் கீழே அகன்ற பழுப்பு நீர். ஆற்றில் நுழையும் எந்தப் பாயும் இந்தக் கண்ணுக்குத் தப்பியிருக்காது. இங்கே நடந்த அகழ்வாய்வுகளில் சீனப் பீங்கான் சில்லுகள் நிறையக் கிடைத்தன.

1564-ல் சுமத்ராவின் ஆச்சே படை வந்து சுல்தானையே சிறைபிடித்துச் சென்றது. ஊர் மறுபடி நிமிர்ந்தது. 1587 ஆகஸ்டில் தோம் பவ்லோ த லிமா பெரேரா தலைமையில் போர்த்துகீசியர் கப்பல் பீரங்கிகளோடு வந்தார்கள். கொத்தளம் விழுந்தது, ஊர் எரிந்தது. அரசு மீண்டும் மேலேறி பத்து சாவாருக்குப் போனது.

பத்து சாவார் காலத்தில் நடந்த இரண்டு செய்திகளை நான் உலக வரலாற்றின் பக்கங்கள் என்றே சொல்வேன். 1603 பிப்ரவரி 25 காலை, ஜொகூர் ஆற்று முகத்துக்கு வெளியே நின்றிருந்த சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலை, ஜொகூர் அரசின் துணையோடு டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் பிடித்தார். அதிலிருந்த பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போயின. இந்தப் பிடிப்பு நியாயமா என்ற கேள்வியில் டச்சுக்காரர் தரப்புக்கு வாதம் எழுதித் தந்தவர் ஹியூகோ குரோஷியஸ். அந்த எழுத்தின் ஒரு பகுதிதான் 1609-ல் 'மாரே லிபெரும்' நூலாக வந்தது. கடல் யாருக்கும் தனிச்சொத்தல்ல என்ற இன்றைய சட்டக் கொள்கைக்கு அடித்தளமிட்ட நூல் அது. அமால்ஃபி கடலுக்குச் சட்டம் தந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் ஆற்று முகத்துக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

இன்னொன்று 1612-ல். அதே ஆற்றங்கரையின் பாசிர் ராஜாவில் சுல்தான் இருந்தபோது பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கிடம் மலாய் அரசர்களின் வரலாற்றைத் தொகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவரும் மணி புரிந்தானின் வழிவந்தவர். செஜாரா மெலாயு என்று உலகம் போற்றும் அந்த நூலில் இந்திய மன்னன் ராஜா சூரானின் படையெடுப்பும், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்று இருந்த கதையும் வருகின்றன. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நினைவு அதில் படிந்திருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். மறு ஆண்டே ஆச்சே படை பத்து சாவாரைத் தாக்கியது. துன் ஸ்ரீ லானாங் ஆச்சேவுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

பிறகு 1641-ல் டச்சுக்காரரோடு சேர்ந்து மலாக்காவிலிருந்து போர்த்துகீசியரை விரட்டியதும், 1673-ல் ஜம்பி படையிடம் பத்து சாவார் அழிந்ததும், 1699-ல் கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் கொல்லப்பட்டதும் அடுத்தடுத்து நடந்தவை. அவற்றுக்குத் தனி வாரம் வேண்டும்.

இன்று ஜொகூர் லாமா அமைதியான மீனவக் கம்பம். அமால்ஃபிக்கு உலகமே சுற்றுலா வருகிறது. ஜொகூர் லாமாவைப் பற்றி நம் பிள்ளைகளில் பலருக்குப் பாடப்புத்தகத்தின் ஒரு வரியைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆற்று முகத்தின் கண்டல் காடும், கோத்தா திங்கிப் பக்கம் பெரெம்பாங் மரங்களில் இரவில் மின்னும் மின்மினிகளும் இன்னும் பிழைத்திருக்கின்றன. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குக் கேளிக்கைப் பூங்காவை விட்டுவிட்டு, ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை அந்த மண் கொத்தளத்தின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். மணி புரிந்தானின் கதையை அங்கே வைத்தே சொல்லுங்கள்.