மேன்டன் பட்டறையிலிருந்து வந்த மரபு: லண்டன் வேட்டைத் துப்பாக்கியின் கைவினை வரலாறு

லண்டனில் கையால் செய்யப்படும் உயர்தர வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் அதன் பக்கத் தகடுகளில் உள்ள செதுக்கு வேலையிலிருந்தே தொடங்குவது வழக்கம். செதுக்கல் அந்த மரபின் கடைசிப் படி மட்டுமே. அதன் உண்மையான பெருமை, இரும்போடு இரும்பும் இரும்போடு மரமும் பொருந்தும் இடங்களில் இருக்கிறது. இந்த ரசனை எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் உயர்ந்த துப்பாக்கி என்றால் அரசவைக்குரிய துப்பாக்கிதான். வெர்சாய் ஆயுதசாலையை நடத்திய நிக்கோலா நோயல் பூத்தே, பொன்னும் வெள்ளியும் பதித்துச் செய்த துப்பாக்கிகள் அதன் உச்சம். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் மேன்டன் (1766–1835) வேறு வழியில் போனார். அவரது வாடிக்கையாளர்கள் பறக்கும் பறவையைச் சுடுகிறவர்கள். அவர்களுக்கு எடை குறைவாகவும், தோளில் வைத்த உடனே கண் பார்க்கும் திசைக்குத் திரும்புவதாகவும் துப்பாக்கி வேண்டும். இரட்டைக் குழல்களுக்கு நடுவே பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழும் பட்டிக்கு அவர் 1806இல் காப்புரிமை பெற்றார். பறவைக்குக் கீழே சுட்டுவிடும் பொதுவான தவறை அது திருத்தியது. அலங்காரத்தைக் குறைத்து வடிவத்தையே அழகாக்கும் லண்டன் பாணி இங்கே வேர்விட்டது.

வணிகத்தில் மேன்டன் தோற்றார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் காப்புரிமை பெற்ற, அடித்து வெடிக்கவைக்கும் முறையை ஒட்டித் தானும் பூட்டுகள் (வெடிப்பைத் தூண்டும் பொறிகள்) செய்து, ஃபோர்சித்தின் வழக்கில் தோல்வியடைந்தார்; 1826இல் திவாலானார். ஆனால் அவரிடம் தொழில் செய்தவர்கள் வழியே அவரது அளவுகோல் பிழைத்தது. மேன்டனிடம் துப்பாக்கியின் மரக் கட்டை செதுக்கிய ஜேம்ஸ் பர்டி 1814இல் தனிக்கடை தொடங்கியிருந்தார். குழல் செய்து கொடுத்த சார்லஸ் லங்காஸ்டரும் பின்னர் தன் பெயரிலேயே துப்பாக்கி விற்றார்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபோஷுவின் பின்வழித் தோட்டாத் துப்பாக்கி வைக்கப்பட்டது. குழல் மடங்கித் திறக்கும் இந்த அமைப்பு பரவியபின் கைவினையின் மையம் இடம் மாறியது. வெடிப்பின் விசை முழுவதையும் ஒரு மூட்டு தாங்க வேண்டியதாயிற்று. அந்த மூட்டைப் பொருத்தும் முறை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. எண்ணெய் விளக்கின் புகையில் ஒரு பாகத்தைக் காட்டிக் கரியேற்றுவார்கள். அதை மற்றப் பாகத்தோடு சேர்த்து மூடித் திறப்பார்கள். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் மெல்லிய அரத்தால் ஒரு தொடுதல் எடுப்பார்கள். மறுபடி புகை, மறுபடி அரம். முழுப் பரப்பிலும் கரி சமமாக ஒட்டும்வரை வேலை முடியாது. வால்நட் கட்டையில் இரும்பை இறக்குவதற்கும் இதே விளக்குப் புகைதான். முரட்டு வேலையை இன்று கணினி எந்திரம் செய்தாலும் இறுதிப் பொருத்தம் கையில்தான் இருக்கிறது.

1875இல் பர்மிங்காமின் ஆன்சனும் டீலியும் மிகக் குறைந்த பாகங்களில் பெட்டிப் பூட்டை வடிவமைத்தார்கள். பொறியியல் அறிவில் அதற்கு நிகராக லண்டன் எதையும் தரவில்லை என்றே கருதுகிறேன். ஆயினும் லண்டன் கடைகள் நீண்ட பக்கத் தகட்டுப் பூட்டை விடவில்லை. 1880இல் துப்பாக்கி செய்பவரான ஃபிரெடெரிக் பீஸ்லி தன் பக்கத் தகட்டுப் பூட்டு வடிவமைப்பின் உரிமையைப் பர்டி நிறுவனத்துக்கு விற்றார். அதில் ஒரே வில்லின் ஒரு கை சுடும் சுத்தியை இயக்கும். மறு கை, நெம்பைத் தள்ளியதும் துப்பாக்கியைத் தானே திறந்துவிடும். பறவைகளை விரட்டி வரச்செய்து சுடும் வேட்டையில் உதவியாளர் நொடியில் மறுபடி தோட்டா இட இது பேருதவி. சுட்டபின் துப்பாக்கியை மூடும்போது வில்லை மீண்டும் அழுத்த வேண்டும். அந்தக் கடினம் இந்த அமைப்பின் விலை. பர்டியின் பக்கவாட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி இன்றும் இதே அமைப்பில்தான் வருகிறது.

செதுக்கல் இவற்றுக்கெல்லாம் பின்னர் வருவது. ரோஜாக் கொத்தும் நுண்ணிய கொடிச் சுருளும் லண்டன் பாணி. அவை தகட்டின் கோட்டை மறைக்காமல் பின்தொடரும். செதுக்கியவரின் பெயர் நெடுங்காலம் வெளியே வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் கென் ஹன்ட்டும், இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் ஊசிமுனைப் புள்ளிகளால் நிழல் தீட்டிய ஃபிர்மோ ஃபிரகாசியும் தம் பெயராலேயே அறியப்பட்டார்கள். மூட்டுப் பொருத்தியவருக்கும் கட்டை செதுக்கியவருக்கும் அந்தப் புகழ் கிடைக்கவில்லை; பல லண்டன் துப்பாக்கிகளில் அவர்களது முதலெழுத்துகள், குழலைக் கழற்றினால் மட்டுமே தெரியும் இடங்களில் முத்திரையாக உள்ளன. கடைப் பெயரை மட்டும் நம்பி எழுதப்பட்ட வரலாற்றைத் திருத்த ஆய்வாளர் முதலில் படிக்க வேண்டியவை அந்த எழுத்துகளே.